மாந்தைத் துறைமுக அதிபதி

"நேற்று என்னை மூட்டை தூக்க விட்டிட்டீர், பிள்ளை."

வரலாற்றுக் கழகத் தலைவர் சிவானந்தன் கதிரையில் உட்காராமலே சொன்னார். சனிக்கிழமைப் பின்னேரம். வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கத் தொடர்மாடி ஒன்றின் மேல்தளத்தில் இருக்கும் கழக மண்டபத்தில் டெனிஷாவையும் காவலாளி நோபேட்டையும் தவிர யாரும் இல்லை. அப்படியொரு நேரம் பார்த்துத்தான் அவர் வந்திருந்தார். படியில் மட்டும் பொருளாளர் முத்துலிங்கம் எதிர்ப்பட்டார். மறந்துபோன குடையை எடுக்க வந்ததாகச் சொன்னார். கையில் குடை இருக்கவில்லை.

டெனிஷா இரண்டு வருடமாக மன்னார்ப் பக்கத்துப் பழைய மாந்தைத் துறைமுகத்தைக் கணினிக்குள் கட்டியிருந்தாள். ஹெட்செட்டைக் கண்ணில் மாட்டினால் பாய்மரக் கப்பல், பண்டகசாலை, கோட்டைவாசல் எல்லாம் சுற்றி வந்து நிற்கும். நாளை கழகத்தின் வெள்ளி விழா. நிர்வாகக் குழுவினர் பதினேழு பேரும் ஒரே நேரத்தில் உள்ளே போவார்கள்; அங்கே அவர்கள் செய்வதை விருந்தினர் பெரிய திரையில் பார்ப்பார்கள். தலைவர் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்து வைத்தால்தான் அது நடக்கும். கடிதம் மேசையில் கையெழுத்தில்லாமல் கிடந்தது.

யாருக்கு என்ன வேலை என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பது அவளுடைய ஏற்பாடு. நேற்றைய ஒத்திகையில் சிவானந்தனுக்கு மூட்டை விழுந்தது. பதினெட்டாவது ஹெட்செட் சும்மா கிடக்கிறதே என்று, ஏசி போட வந்த நோபேட்டின் தலையில் அதை மாட்டினார்கள். அவருக்குத் துறைமுக அதிபதி விழுந்தது. விழாவுக்கும் அதே சீட்டுத்தான்.

"விழா மலரைப் பார்த்தனீரே?" என்றார் சிவானந்தன்.

பார்த்திருந்தாள். 'மாந்தையின் பொற்காலம்', பதினொரு பக்கம், அவர் எழுதியது. அந்தக் காலத்தில் கதவுக்குப் பூட்டு இருக்கவில்லை, பொய் இருக்கவில்லை, ஒருவர் பங்கை இன்னொருவர் எடுக்கவில்லை. தாம் அந்தத் துறைமுக அதிபதியின் வழி வந்தவர் என்பது ஒன்பதாம் பக்கத்தில் அடக்கமாக, முழுப் பக்கப் படத்துடன் இருந்தது. ஆறாம் மாடியில் குடியிருப்பவர். லிஃப்ட் பழுதாகும் நாட்களில் அவருக்கு மாந்தை இன்னும் அழகாகத் தெரியும்.

"கனடாவில இருந்து மச்சான் வேற வந்து நிக்கிறார். அவருக்கு முன்னால நான் சாக்கோடயா நிக்கிறது?"

"சேர், கப்பல் சாமான் இறங்கினாத்தான் கோட்டைவாசல் திறக்கும். அப்பிடித்தான் செய்திருக்கிறன். இறக்க ஆள் வேணும்தானே."

"அதுக்கு ஆக்கள் இருக்கினம். எல்லாரும் அதிபதியாகேலாது எண்டு எனக்கும் விளங்குது."

"நான் கொட்டாஞ்சேனை, சேர். எங்கட மொட்டைமாடியில நிண்டா கொழும்பு ஹாபர் தெரியும். நூறு பேர் வேலைக்குப் போனா அதில எத்தனை பேர் அதிபதி எண்டு எனக்குத் தெரியும். இது அதிபதிமாருக்காகச் செய்த ஊர் இல்ல."

சிவானந்தன் பேனையை எடுத்தார். மூடியைக் கழற்றவில்லை. இரண்டு வருட வேலை அந்த மூடிக்குள் இருந்தது. அது தெரிந்துதான் அவர் அதை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு குரலைத் தணித்து வழியும் அவரே சொன்னார். அவரும் நோபேட்டும் சீட்டை மாற்றிக்கொள்வது. கழகத்தின் மானத்துக்காகத்தான், தமக்காக இல்லை.

"நோபேட்டுக்குப் பழகின வேலைதானே."

உண்மைதான். நோபேட் கொழும்புத் துறைமுகத்தில் முப்பது வருடம் மூட்டை தூக்கியவர். ஆனால் தூக்கிய நாட்களைவிட, தூக்காமல் இருந்த நாட்களுக்காகத்தான் அவர் பெயர் பெற்றார் என்று கொட்டாஞ்சேனையில் சொல்வார்கள்.

"எனக்கென்ன சேர்," என்றார் நோபேட். "அந்த அதிபதி வேலை சரியான போர். சும்மா நிக்கிறது. சாக்கைத் தாங்க."

டெனிஷா கொப்பியைத் திறந்து, பாதி நிரம்பிய பக்கத்தில் பேனையை வைத்தாள். "அதிபதிக்குப் பிடிக்கிற குடை வெள்ளையா சேர், சிவப்பா?"

கேள்வி அவ்வளவு தயாராக வந்தது அவருக்குப் பிடித்திருந்தது. வெள்ளை என்றார். குடை பிடிக்க ஆள் வருமா என்று கேட்டார். அதற்கும் உள்ளே வருகிறவர்களில் ஒருவர்தான் முன்வர வேண்டும் என்றாள். முன்வருவார்கள் என்றார் சிவானந்தன்; தம் குழுவை அவருக்குத் தெரியாதா.

"மற்றவைக்கு இது தெரியக்கூடாது, பிள்ளை."

"ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன் சேர். ஒருத்தரைப் பற்றியும் சொல்ல மாட்டன்."

பேனை மூடி கழன்றது. கையெழுத்து விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பி, வாசல்வரை ஆட்கள் நின்றார்கள். கனடா மச்சான் முன்வரிசையில் இருந்தார். பேராசை அறியாத முன்னோரைப் பற்றி இருபது நிமிடம் பேசிவிட்டு, சிவானந்தன் ஹெட்செட்டை மாட்டினார்.

தோளில் பட்டுச் சால்வை. கையில் வெள்ளைக் குடை. பிடிக்க ஒருவரும் வராததால் தாமே பிடித்திருந்தார். கப்பல் நிறையச் சாமான். கோட்டைவாசல் இறுகப் பூட்டியிருந்தது.

"இறக்குங்கோ," என்று கட்டளையிட்டார்.

அதே கட்டளை வலப்பக்கத்தில் முத்துலிங்கத்தின் குரலிலும், பின்னால் செயலாளரின் குரலிலும், அதற்குப் பின்னால் இன்னும் பல குரல்களிலும் கேட்டது. திரும்பினார். துறைமுகம் முழுக்கப் பதினேழு வெள்ளைக் குடைகள், ஒவ்வொன்றின் கீழும் ஓர் அதிபதி.

மாந்தையின் ஒரேயொரு தொழிலாளியும் கொழும்புத் துறைமுகத்துப் பழைய தொழிற்சங்கச் செயலாளருமான நோபேட், கப்பலுக்கு முன்னால் மூட்டையைப் போட்டு அதன்மேல் வசதியாக உட்கார்ந்தார். "முதல்ல உங்களில யார் அதிபதி எண்டு முடிவெடுங்க சேர்மாரே. ஸ்ட்ரைக்கை நான் யாரோட பேசித் தீர்க்கிறது?"