அகல டயர்

"இது ஸ்டீயரிங்கா, முரட்டுக் காளையோட கொம்பா? திருப்புறதுக்குள்ள தோள்பட்டை கழண்டுடும் போலிருக்கு!"

காரை விட்டு இறங்காமலேயே கத்தினார் கில்பர்ட் தார்ன்லி. சிவப்பு நிறத்தில், கூரையில்லாத, இரண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். அறுபதுகளில் செய்தது. லட்லோ ஊரில் அந்தக் காரைத் தெரியாதவர்கள் கிடையாது.

பட்டறையின் அலுவலக ஜன்னல் வழியாக மூரியல் எட்டிப் பார்த்தாள். அவள் கணவன் ஆல்வின் கையைத் துடைத்துக்கொண்டே போய் முன் சக்கரத்தைக் காலால் தட்டினான்.

"டயரை எப்ப மாத்தினீங்க?"

"போன மாசம். பழசு சைக்கிள் டயர் மாதிரி ஒல்லியா இருந்துச்சு. இதைப் பாரு, எவ்வளவு கம்பீரமா இருக்கு!"

"கம்பீரம் கிடக்கட்டும். இந்த வண்டியோட வந்த டயர் அகலம் நூத்தி அம்பத்தஞ்சு மில்லிமீட்டர். நீங்க போட்டிருக்கிறது நூத்தி எண்பத்தஞ்சு. அவ்வளவு ரப்பரும் ரோட்டுல அழுந்துது. இப்ப வர்ற காருன்னா மோட்டார் வச்சுத் திருப்பிக் குடுத்துடும். இதுல உங்க கைதான் மோட்டார். வண்டி மெதுவாப் போறப்போ கனக்கத்தான் செய்யும்."

"ஒரு மாசமா அதோடதானே ஓட்டினேன்? இன்னிக்குக் காலையிலிருந்துதான் இந்தப் பாடு படுத்துது. கியர் வேற விழ மாட்டேங்குது."

ஆல்வின் ஒரு நிமிஷம் தலையைச் சொறிந்தான்.

"ஒல்லி டயர் போட்ட சக்கரம் ஒரு ஜோடி உள்ளே இருக்கு. முன்னாடி மட்டும் மாட்டிப் பாப்போம்."

கால் மணி நேரத்தில் மாட்டியாகிவிட்டது. முதலில் ஆல்வினே ஓட்டினான். தேவாலயம் வரை போய்த் திரும்பி வந்தவன், பட்டறை முற்றத்தில் இரண்டே விரல்களால் வளைத்து நிறுத்தினான்.

"வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கிட்டுத் திரும்புது. நீங்களே ஓட்டிப் பாருங்க."

கில்பர்ட் ஓட்ட, ஆல்வின் பக்கத்தில் உட்கார்ந்தான். கார் வாசலைத் தாண்டும்போதே பூத்தொட்டி ஒன்றை இடித்துச் சாய்த்தது. ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தபோது கில்பர்ட்டின் முகம் காரின் நிறத்துக்கு மாறியிருந்தது.

"வலது பக்கம் ஒடிச்சா அதே கனம்! என்னத்தை மாத்தினே நீ? வேலை தெரியாதவன்கிட்ட வந்து மாட்டிக்கிட்டேன்!"

பன்னிரண்டு வருஷமாக வருகிறவர். ஊரில் பழைய கார் வைத்திருக்கும் அத்தனை பேரையும் இந்தப் பட்டறைக்கு அனுப்பியவரும் அவர்தான். அவர் வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுநாளிலிருந்து பட்டறையில் ஈயடிக்க வேண்டியதுதான். மூரியல் வெளியே ஓடி வந்தாள்.

ஆல்வின் கில்பர்ட்டின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மிஸ்டர் தார்ன்லி, ஒரு தடவை சிரிங்க."

"என்னது?"

"சும்மா, பல்லு தெரியச் சிரிங்க."

"என்ன, கிண்டலா பண்றே?" கில்பர்ட் ஆத்திரத்தோடு பல்லை இளித்துக் காட்டினார். "போதுமா?"

ஆல்வின் சட்டென்று கையை நீட்டிக் கார் சாவியை உருவித் தன் பையில் போட்டுக்கொண்டான்.

"டேய், சாவியைக் குடுடா!"

"தர மாட்டேன். என் வேன்ல ஏறுங்க."

"எங்கே?"

"இது எதனாலன்னு பாத்துச் சொல்றவங்க இருக்காங்க. எழுந்திரிங்க."

மறு பேச்சுக்கு இடம் கொடுக்காமல் அவர் இடுப்பில் கையைப் போட்டுத் தூக்காத குறையாக இழுத்துக்கொண்டு போனான்.

"ஆல்வின்! உனக்கென்ன பைத்தியமா? அவரை விடு!" மூரியல் கத்தினாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேன் சரளைக் கல்லை வாரியிறைத்துக்கொண்டு பறந்தது.

கைபேசியில் கூப்பிட்டாள். அவன் கைபேசி பட்டறை மேசை மேலேயே கிடந்து மணியடித்தது.

மூரியலுக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. தார்ன்லியிடம் என்னவென்று மன்னிப்புக் கேட்பது? டயரை இனாமாகப் போட்டுத் தருவதாகச் சொல்லலாம். அப்படியும் சமாதானமாகாவிட்டால்? பூத்தொட்டியை நிமிர்த்தி வைத்து மண்ணை அள்ளிப் போட்டாள். வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள்.

நாலு மணிக்கு ஒரு டாக்ஸி வந்து நின்றது. இறங்கியது கில்பர்ட்டின் மனைவி ஹெஸ்டர். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன.

மூரியல் முன்னே போனாள். "ஹெஸ்டர், முதல்ல என்னை மன்னிச்சிடுங்க. ஆல்வினுக்கு என்ன ஆச்சுன்னே தெரியல. உங்க வீட்டுக்காரரை மரியாதையில்லாம..."

அவள் முடிப்பதற்குள் ஹெஸ்டர் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். தோள் நனையும்படி அழுதாள்.

"நன்றி மூரியல், நன்றி! இதை நேர்ல சொல்லலேன்னா எனக்கு மனசு ஆறாது. உங்க ரெண்டு பேரையும் சாகற வரைக்கும் மறக்க மாட்டோம்."

மூரியல் திகைத்துப் போனாள். "நன்றியா? அந்த ஒல்லி டயருக்கா?"

ஹெஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"டயரை மாத்தினதுமே வண்டி சரியாயிடுச்சாம். செயலிழந்துக்கிட்டு இருந்தது இவரோட இடது கைதான். சிரிக்கச் சொன்னப்போ வாய் ஒரு பக்கமா கோணினதைப் பாத்துத்தான் உங்க ஆல்வின் நேரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காரு. மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல அடைப்பு. இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தா அந்தப் பக்கமே விழுந்திருக்கும்னு டாக்டர் சொன்னாரு. இப்ப அந்தக் கையாலதான் உங்க ஆல்வினைப் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்கறாரு!"