உச்சிக்கு ஒரு மேடு

மலைப்பாதையின் கடைசி மேடு செங்குத்தாக நின்றது. சைக்கிள் மிதித்த மனைவிக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. பின்னால் வந்த கணவனுக்கு மனம் அடித்துக்கொண்டது.

"கியரைக் குறை. எழுந்து மிதிக்காதே."

"வாயை மூடிட்டு வாங்க."

"இறங்கித் தள்ளேன்?"

"இறங்கினா மறுபடி ஏற மாட்டேன்."

கல்யாணமானதிலிருந்து இந்த மேட்டில் அவன்தான் முன்னால் பறப்பான். உச்சியில் நின்று, "ஆமை வருது!" என்று கேலி செய்வான். அவள் படும் பாட்டை இன்றுதான் கிட்டத்தில் பார்த்தான். கைகொடுக்க வழியில்லை.

உச்சியில் அவள் சைக்கிளை நிறுத்தினாள்.

"இன்னைக்குத்தாங்க ரெண்டு பேரும் ஒண்ணா ஏறியிருக்கோம்" என்று சிரித்தாள். சைக்கிளுக்குப் பின்னால் பூட்டியிருந்த வண்டியில் அவனைப் பிணைத்திருந்த பெல்ட்டை அவிழ்த்தாள். விபத்தில் உணர்விழந்த அவன் கால்களை மெல்ல நீட்டிவிட்டாள்.