அடிப்பலகை

முதல் கிளாம்பை இறுக்கிக்கொண்டிருந்த அக்காவின் கை அப்படியே நிற்கிறது. பலகைகளை அடுக்கி ஒட்டிப் பக்கவாட்டில் படுக்கவைத்திருக்கும் உத்தரத்தின் அடிப்பலகை மேல் ஜன்னல் வெயில் விழுகிறது. முடிச்சு ஒன்றுகூட இல்லாத, பால்போல் வெளுத்த தீக்குச்சி மரம். பலகைகளின் இடுக்கிலிருந்து பசை பிதுங்கி வழிகிறது. இந்தப் பட்டறையில் அந்த மரத்துக்கு இடம் நடுவில்தான். மேலும் கீழும் உறுதியான மரம் அணைத்துக்கொண்டால், விலை மலிவான அதுவும் தன் வேலையை ஒழுங்காகச் செய்யும். அடியில் வைத்தால் கூரைப் பாரத்தில் இழுபட்டுப் பிய்ந்துவிடும்.

“இத யாருடா அடியில வச்சது?”

முன்வழுக்கை விழுந்த தம்பி சட்டையில் ஒட்டிய மரத்தூளைத் தட்டுகிறான். “கெட்டிப் பலகையில ஒரே முடிச்சா கெடக்குதுக்கா. அண்ணாந்து பாத்தா அசிங்கமா இருக்கும்னு நடுவுல தள்ளிட்டேன்.”

“அண்ணாந்து பாக்கப்போறது பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க. அதுங்க தலையில விழுறப்ப அழகா இருக்கும், இல்ல?”

“பசை இறுகுதுக்கா. இப்பப் பிரிச்சா எல்லாம் வீணாயிடும்.”

அவள் கழுத்து நரம்பு புடைக்கிறது. ஸ்பேனரை எதிர்ப்பக்கம் திருகுகிறாள், இரும்பு கிறீச்சிடுகிறது. இரு கைகளாலும் பலகையைப் பற்றி இழுக்க, பசை நூல்நூலாக நீண்டு அறுகிறது. பலகை அவன் காலடியில் வந்து விழுகிறது, காலி அட்டைப்பெட்டி விழுந்த சத்தத்தோடு.

“சனியன் பிடிச்ச மரம்” என்று அதைக் காலால் தள்ளுகிறான்.

“மரத்த ஏன்டா திட்டுற? அதுக்காவது நடுவுல ஒரு எடம் இருக்கு. உன்ன நான் எங்கடா வைக்கிறது?”