தொங்குபாறைக்கு ஒரு தழை

"கையைக் குடு ஞானம், வழுக்கும்" என்று ஆரோக்கியசாமி மேலேயிருந்து கையை நீட்டினான். சட்டைக் கை மேலேறி, முழங்கை வரை ஓடிய நாலு தழும்பும் வெயிலில் தெரிந்தன.

ஆம்பூரில் அந்தத் தழும்பைத் தெரியாதவர் யார்? போன வருஷம் ஈஸ்டர் லீவில் அவனோடு தொங்குபாறை பார்க்கப் போன தானியேலைப் புலி இழுத்துக்கொண்டு போனபோது, வெறுங்கையோடு மல்லுக்கு நின்று வாங்கிய தழும்பு. சாமியார் அதைப் பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். பிள்ளைகள் ஆசையாய்த் தொட்டுப் பார்ப்பார்கள்.

செத்துப்போன தானியேலின் மனைவி ஞானம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் பாறை ஏறினாள். ஆரோக்கியசாமி அவளுக்குச் சொந்த அத்தை மகன். முறைப்படி அவனுக்கு வாழ்க்கைப்பட வேண்டியவளை, தோல் ஷாப்பில் கணக்கு எழுதுகிற படித்த மாப்பிள்ளை கிடைத்தான் என்று தானியேலுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். வேறொருவனாய் இருந்தால் அரிவாளைத் தூக்கியிருப்பான். இவனோ தானியேலுக்கே தோஸ்தாகிவிட்டான்! இப்படியும் ஒரு பிறவியா என்று ஊரே மெச்சியது.

ஞானம்மாவுக்கும் ஆரோக்கியசாமிக்கும் கல்யாணம் என்று வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிக்கப் போகிறார்கள். அதற்கு முன் ஞானம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவரு போன எடத்த ஒருதரம் கண்ணால பாத்துட்டு வந்துடறேன் மாமா. அப்புறம் நீங்க சொல்றபடி."

"அந்தக் காட்டுல இன்னா இருக்குது பாக்கறதுக்கு?" என்று முதலில் சிடுசிடுத்தான். பிறகு என்ன நினைத்தானோ, அவனே வண்டி பேசிக் கூடாரமும் எடுத்துக்கொண்டு கிளம்பினான். அத்தையை ஜவ்வாது மலை அடிவாரத்தில், கூடாரத்தில் சமைக்க உட்கார வைத்துவிட்டு இவர்கள் ஏறினார்கள். வழிகாட்ட மலைக்காரன் காசி கூட வந்தான்.

மேடு ஏறியதும் ஆரோக்கியசாமி விடுவிடென்று முன்னே போய்விட்டான். வழியோரம் ஒரு கற்குவியல் கிடந்தது. காசி குனிந்து ஒரு கல்லை எடுத்து அதன்மேல் போட்டுவிட்டு நடந்தான்.

"இன்னாப்பா அது, சாமியா?"

"சாமி இல்லம்மா. கூட வந்தவனே ஒருத்தன வெட்டிப் போட்ட எடம்."

"ஐயையோ! போலீஸ்ல சொல்லலியா?"

"கச்சேரி ஏறினா எங்க பொழப்பு பேஜாராப் போய்டும்மா. பாத்தவன் வாயத் தொறக்க மாட்டான், ஒரு கல்லு போடுவான். அப்பறம் போறவன் வர்றவன் எல்லாம் போடுவான். எங்க நாயம் அவ்ளோதான்."

நல்ல நியாயம் போ என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டு ஞானம்மா மூச்சு வாங்க நடந்தாள்.

அடுத்த திருப்பத்தில் ஆரோக்கியசாமி வியர்வையைத் துடைத்தபடி நின்றிருந்தான். அவன் காலடியில் பச்சையும் சருகுமாய் ஒரு தழைக் குவியல் இருந்தது.

"இன்னாடா இது, நடு வழியில குப்பை?"

"குப்பை இல்ல சாமி. வெறகு பொறுக்க வந்த பொம்பளையப் புலி அடிச்ச எடம்" என்ற காசி ஒரு கொத்து ஒடித்துப் போட்டான். "புலி வாயில போனவங்களுக்குத் தழை போடணும்."

"அப்ப நம்ம தானியேலுக்கும் போடணும்ல?"

காசி இடுப்புக் கத்தியைச் சரிசெய்துகொண்டு மேலே நடந்தான்.

ஆரோக்கியசாமி பூவோடு ஒரு பெரிய ஆவாரங்கிளையாகப் பார்த்து ஒடித்துத் தோள்மேல் சாத்திக்கொண்டான். அதைப் பார்த்ததும் ஞானம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. செத்தவன்மேல் இவ்வளவு பாசம் வைத்திருக்கிறவன், தன்னைக் கைவிடவா போகிறான்?

தொங்குபாறை வந்தது. துரைமார் கூடாரம் போட்டுப் போட்டோ பிடிக்கிற இடம் அது. ஒரு பாறைமேல் இன்னொரு பாறை, இப்போது விழுமோ அப்போது விழுமோ என்று பள்ளத்தைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தால் தலை சுற்றியது. இதைப் பார்க்கவா அத்தனை ஆசைப்பட்டு வந்தீங்க பாவி மனுஷா என்று அவளுக்கு அழுகை முட்டியது.

"எந்த எடம் காசி?"

காசி வாயைத் திறக்கவில்லை. பாறை விளிம்பைக் கையால் காட்டினான்.

அங்கே இடுப்பளவுக்குக் கல் குவிந்திருந்தது. மருந்துக்குக்கூட அதில் ஒரு தழை இல்லை, சருகு இல்லை. காசி குனிந்து ஒரு கல்லை எடுத்துச் சத்தமில்லாமல் அதன்மேல் வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கி நின்றான்.

ஞானம்மா குனிந்து, கல் இடுக்கில் ஒரு தழையாவது இருக்கிறதா என்று தேடினாள். அன்றைக்கு இந்தப் பாறைக்கு வந்தவர்கள் இரண்டே பேர்.

ஆரோக்கியசாமி ஒன்றும் புரியாதவனாய்ச் சிலுவை போட்டுக்கொண்டு, ஆவாரங்கிளையை ஏந்தியபடி குவியல்முன் குனிந்தான். சட்டைக் கை மறுபடியும் மேலேறியது. நாலு தழும்பும் நாலு விரல் அகலத்துக்குள் இருந்தன. விழப் போகிறவன் ஒருவன் அந்தக் கையைப் பிடித்துத் தொங்கினால் நகம் கீறுகிற அகலம் அவ்வளவுதான் இருக்கும்.

"அது வேணாம் மாமா. நீயும் ஒரு கல்லு எடு."