செங்கல் நிறம்

சிறுநீரை நீல மருந்தோடு சேர்த்துக் காய்ச்சிய கண்ணாடிக் குழாயைக் கம்பவுண்டர் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். அசல் செங்கல் நிறம்.

முப்பிடாதியம்மாள் கட்டிலை ஒட்டி நகர்ந்து நின்றாள்.

நீரில் சர்க்கரை இறங்கிப் பச்சை வந்தால் இன்றைக்கே ஆபரேஷன். சிவப்பு வந்தால் தள்ளிப்போடுவார்கள். கட்டிலில் குப்புறக் கிடக்கும் அவள் புருஷன் சங்கரபாண்டியனின் முதுகில் ராஜபிளவை என்னும் சீழ்க்கட்டி. கோவில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசியும் கேட்காமல் உள்ளங்கை அகலத்துக்குப் பரவிவிட்டது. இனியும் தள்ளிப்போட்டால் ஆள் தேறமாட்டார்.

தாவீது டாக்டருக்கு முகம் கறுத்துவிட்டது. ஊசிமேல் ஊசி போட்டு நேற்றுத்தான் மஞ்சளுக்கு இறக்கி வைத்திருந்தார் மனுஷன்.

"என்னவே, திருட்டுத்தனமா எதையும் தின்னீரா?"

சங்கரபாண்டியன் மெல்லத் தலையைத் திருப்பிப் பெண்டாட்டி முகத்தைப் பார்த்தார்.

"தின்னேன் சார். நாக்கு கேக்க மாட்டேங்கு."

பாவி மனுஷன், என்னத்தைத் தின்றார்? காலையில் கருப்பட்டிக் காப்பி கொடுத்ததே அவள்தான். சீனி கூடாது என்றுதானே டாக்டர் சொன்னார், கருப்பட்டி மருந்தாயிற்றே என்று தம்ளர் நிறையக் கொடுத்தாள். அதுவும் இனிப்புத்தானே என்று பக்கத்துக் கட்டில்காரர் சிரித்த பிறகுதான் உறைத்தது. அப்போதே டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். நாலு பேர் முன்னால் ஒன்றும் தெரியாதவள் என்று பேர் வாங்க வெட்கப்பட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள்.

"இன்னைக்குக் கத்தி வைக்க முடியாது" என்று டாக்டர் திரும்பி நடந்தார்.

செய்யாத குற்றத்தை ஏற்றுக்கொண்டு அவர் தலையணையில் முகத்தைப் புதைத்ததைப் பார்க்க அவளுக்குக் கூசிப்போயிற்று.

"சார், அவுக மேல குத்தமில்ல. அது அவுக நீரே இல்ல. அவுகளதக் கொட்டிட்டு என்னோடத வச்சேன். எனக்கு ஒரு நோவும் கெடையாதே, நல்ல நெறமா வரும்னு நெனச்சேன்."

வார்டே திரும்பிப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு ஏச்சு விழக் காத்திருந்தாள்.

டாக்டர் ஏசவில்லை. சங்கரபாண்டியனிடம் புதிதாக நீர் வாங்கிவரச் சொல்லிக் கம்பவுண்டரை விரட்டினார். அந்தக் குழாயையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கம்மா. உங்களுக்குத் தண்ணித்தாகம் எத்தன நாளா இருக்கு?"