இருபது நிமிஷம்

பியூன் சாவிக்கொத்தைத் தலைமையாசிரியையின் மேசைமேல் வைத்தார். "நான் எடுக்கலைங்க மேடம். என் பிள்ளைங்க மேல சத்தியம்."

அவர் எடுக்கவில்லை என்று மூலையில் நின்ற சிசிடிவி கேமராக்காரனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கல்லுளிமங்கன் மாதிரி நின்றான்.

"முந்தாநாள் பதினொன்றரைக்கு நானே பாத்தேன், கணக்கு வினாத்தாள் கவர் ஒட்டினது ஒட்டினபடி இருந்துச்சு. பதினொன்னு அம்பதுக்குக் கிழிஞ்சு கிடக்கு," என்றார் தலைமையாசிரியை. "நடுவுல அந்த வினாத்தாள் ரூமுக்குள்ள போனது நீங்க ஒருத்தர்தான். கேமரால பதினொன்னு நாப்பதுன்னு தெளிவா இருக்கே!"

"பதினொன்னு இருபதுக்கே பெருக்கிட்டு வந்துட்டேங்க."

"கேமரா பொய் சொல்லுமா?"

சொல்லும். சொல்ல வைத்த புண்ணியவானே இவன்தான்.

போன மாதம் இந்தப் பள்ளிக்கூடத்தில் கேமரா மாட்டியது இவன். எல்லாக் கேமராவும் ஆபீஸ் அலமாரியிலுள்ள நெட்வொர்க் பெட்டியைக் கேட்டுத்தான் படத்தில் மணி போடும். அந்தப் பெட்டி இன்டர்நெட்டிலிருந்து தானே மணியை எடுத்துக்கொள்ளும்படி செட் பண்ணியிருக்க வேண்டும். வீட்டுக்குப் போகிற அவசரத்தில், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து மணியைத் தட்டிவிட்டுக் கிளம்பிவிட்டான்.

அந்தக் கைக்கடிகாரம் இருபது நிமிஷம் முந்தி ஓடும். தம்பி எதற்குமே நேரத்துக்குக் கிளம்ப மாட்டான் என்று, வீட்டிலுள்ள கடிகாரத்தையெல்லாம் முன்னால் தள்ளி வைப்பது அக்காவின் வழக்கம்.

இரண்டு நாளாக மென்று விழுங்கியதை இன்று காலையில்தான் அக்காவிடம் சொன்னான். இதே பள்ளிக்கூடத்தில் அவள் கிளார்க். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான்.

"பாவம்க்கா அந்த மனுஷன். எனக்குச் சோறே இறங்கல."

"போடா பைத்தியக்காரா! வெளிய சொன்னா உன் பொழப்புல மண்ணு. பரீட்சைக்குப் படிக்கிற என் பிள்ளைய வீட்ல வச்சுக்கிட்டு இப்ப எதுக்கு வம்பு? அந்தக் கடிகாரத்துல கை வைக்காதே, அவ்வளவுதான்."

அம்மா போனபின் அவனை வளர்த்து ஆளாக்கியவள். அவள் பேச்சை அவன் தட்டியதே இல்லை.

இப்போது அவளே டிஸ்மிஸ் லெட்டரை டைப் செய்து எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். எங்கே கையெழுத்துப் போடுவது என்று தெரியாமல் பியூன் பேனாவோடு விழித்தார். அந்த முழியைப் பார்த்ததும் இவன் மூலையிலிருந்து முன்னால் வந்தான்.

"மேடம், நிறுத்துங்க! தப்பு என் மேல."

ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டான். லெட்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டு அக்கா முறைத்த முறைப்பை அவன் கண்டுகொள்ளவே இல்லை. லேப்டாப்பைத் திறந்து, பெட்டிக்குள், இன்டர்நெட்டில் சரியான மணி சொல்லும் டைம் சர்வர் முகவரியைக் கொடுத்தான். அதன் கடிகாரம் சட்டென்று இருபது நிமிஷம் பின்னால் போய், தலைமையாசிரியையின் செல்போன் மணியோடு நொடி பிசகாமல் நின்றது.

பியூன் கையெடுத்துக் கும்பிட்டார். "நல்லா இருப்பீங்க தம்பி!"

தலைமையாசிரியை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அப்படின்னா அன்னைக்குக் கேமரால பதினொன்னு அம்பதுக்கு மேலதானே பாத்திருக்கணும்? ஓட்டுங்க, யாருன்னு பாத்துடுவோம்."

அவன் உற்சாகமாக ஓட்டினான். இரண்டு நாள் பாரம் இறங்கி, மூச்சு இப்போதுதான் சீராக வந்தது.

திரையில் மணி பன்னிரண்டு இரண்டு; நிஜத்தில் பதினொன்று நாற்பத்திரண்டு. ஓர் உருவம் தாழ்வாரத்தில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வினாத்தாள் அறைக்குள் நுழைந்தது. திரும்பி வரும்போது ஒரு தாளை மடித்துக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டே, முகத்தை நேராகக் கேமரா பக்கம் திருப்பியது.

அவன் விரல் அப்படியே நின்றுவிட்டது. பின்னாலிருந்து டிஸ்மிஸ் லெட்டர் நழுவி அவன் காலடியில் வந்து விழுந்தது.

"காலையிலேயே சொன்னேனேடா, கடிகாரத்துல கை வைக்காதேன்னு."