இரண்டாவது பட்டம்

பெட்டியில் வேட்டிகளுக்கு மேலே ஓர் அரக்குப் பட்டுப்புடவையை வைத்து மூடினார் நரசிம்ம பட்டர். தம்பி அச்சுத் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கோயில் கைங்கர்யத்தில் இருப்பவர் கடல் தாண்டினால் அப்புறம் பெருமாளைத் தொடக்கூடாது என்பது அந்தக் குடும்பத்தின் கட்டுப்பாடு.

“அண்ணா, இன்னொரு தரம் யோசிங்கோ. போனா போனதுதான்.”

“தெரியும்டா. இந்தா, சந்நிதிச் சாவி. இனிமே நீதான்.”

அச்சுத் கை நீட்டவில்லை. காலையில் திருமஞ்சனம் முடிந்தும் பெருமாள் திருவடியிலிருந்து அண்ணா வெகுநேரம் கையை எடுக்காமல் நின்றது ஏனென்று இப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

அண்ணாவின் ஒரே மகள் ஸ்ரீவல்லி சேர்ந்தது இரட்டைப் பட்டச் சட்டப் படிப்பு. பாதி சென்னையில், பாதி லண்டனில். சென்னைப் பட்டத்தை அவள் வாங்கியபோது முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார் அண்ணா.

“லண்டன் விழாவுக்கும் வாங்கோப்பான்னு கொழந்தை போன்ல எவ்ளோ கெஞ்சினா! இந்தப் புடவையைக் கட்டிண்டுதான் மேடை ஏறுவேன்னா. பெருமாளை விட்டுட்டு வரமாட்டேன்னு ஒரே பிடியா நின்னேள். அன்னிக்கு முடியாதுன்னவர் இன்னிக்கு மட்டும் ஏன் கெளம்பறேள்?”

நரசிம்ம பட்டர் சாவியைத் தம்பியின் உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களை மெல்ல மடக்கினார்.

“அன்னிக்கு அந்தப் பட்டத்தை வாங்கிக்க அவ உயிரோட இருந்தாளேடா.”